பழைய காரின் பின் பம்பரில் ரிவர்ஸ் சென்சார்: நாமே பொருத்த ஒரு முழு வழிகாட்டி

அப்பாவின் காரில் ரிவர்ஸ் கியர் போட்டாலே பீப் சத்தம் வரும். பின்னால் சுவர் இருந்தாலும் வரும், வெட்டவெளியாக இருந்தாலும் வரும். ஒரு கடையில் அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்த சென்சார் அது. தரையிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் ஓட்டை போட்டிருந்தார்கள். சென்சார் தரையைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் அந்தச் சத்தம் அப்பாவுக்குப் பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, உருண்டுபோன பந்தை எடுக்க அக்கா மகன் பம்பருக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். சென்சார் அன்றும் கத்தியது. அப்பா நிறுத்தவில்லை. எதிர்வீட்டு அம்மா கூச்சல் போட்டதால்தான் பிரேக் அடித்தார்.

பொய் சொல்லும் சென்சார் இல்லாமல் இருப்பதே மேல் என்று அன்றைக்குப் புரிந்தது. என் 2013 ஸ்விஃப்டில் நானே உட்கார்ந்து பொருத்தினேன், பிறகு அப்பாவின் காரையும் சரிசெய்தேன். அந்த இரண்டு வண்டிகளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான எல்லாப் பயணியர் கார்களிலும் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். அதற்கு முன்பு வந்த வண்டிகளில், அதிலும் விலை குறைந்த மாடல்களில், பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. வண்டிக்கு இன்னும் வாரண்டி இருந்தால் ஒயரில் கைவைக்காதீர்கள், ஷோரூமிலேயே பொருத்திக்கொள்வது நல்லது.

சென்சார் எப்படிக் கேட்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறு குறையும். சென்சாரின் முகம் நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகிறது. நம் காதுக்கு அது எட்டாது. அந்த ஒலி எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து, கன்ட்ரோல் பாக்ஸ் தூரத்தைக் கணக்கிடுகிறது. 1 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட் ஆகும். ஆக, சென்சாருக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். தரையிலிருந்து திரும்பும் ஒலியா, குழந்தையின் காலில் பட்டுத் திரும்பும் ஒலியா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்த ஒலி அதன் காதில் விழ வேண்டும் என்பதை ஓட்டை போடும் இடத்தை வைத்து நாம்தான் முடிவு செய்கிறோம்.

வாங்கும்போது

சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களிலும் கார் அக்சஸரீஸ் கடையில் கிடைக்கும். நான்கு சென்சார் உள்ள செட் வாங்குங்கள். இரண்டு சென்சார் செட்டில் நடுவே ஒரு குருட்டு இடம் விழும், ஒரு குழந்தை நிற்க அந்த இடம் போதும். பெட்டிக்குள் நான்கு சென்சார், ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், பவர் ஒயர், பஸ்ஸர் அல்லது டிஸ்ப்ளே, வட்டமாக ஓட்டை வெட்டும் ஒரு ஹோல்சா பிட் இருக்கும். அந்த பிட்டின் அளவும் சென்சாரின் அளவும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். 22 மி.மீ. அளவு பரவலாகக் கிடைக்கிறது, 18, 19 மி.மீ. செட்டுகளும் உண்டு. பிட் இல்லாத செட் என்றால் ஹார்டுவேர் கடையில் அதே அளவு பிட் வாங்கிக்கொள்ளுங்கள். தோராயமாக இருந்தால் போதும் என்று விடாதீர்கள். ஓட்டை 1 மி.மீ. பெரிதானாலும் சென்சார் ஆடும். சிறிதாகி, அழுத்திச் செருகினால் அதன் அதிர்வு பம்பருக்குப் பரவி, அந்த அதிர்வையே பொருள் என்று நினைத்து பீப் அடிக்கும்.

டிஸ்ப்ளே வேண்டுமா, பஸ்ஸர் போதுமா? என் தேர்வு பஸ்ஸர்தான். பின்னால் எடுக்கும்போது நம் கண் கண்ணாடியில் இருக்க வேண்டும், டேஷ்போர்டில் ஓடும் எண்ணில் இருக்கக் கூடாது. ஒயரை முன்பக்கம் வரை இழுக்கும் வேலையும் மிச்சம்.

இவை தவிர ஒரு டிரில், 3 மி.மீ. பிட், மாஸ்கிங் டேப், டேப் மெஷர், ரசமட்டம், பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர்கள், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் அல்லது மல்டிமீட்டர், கேபிள் டை, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி ஒயரை இறுக்கிக்கொள்ளும் குழல்), வட்ட அரம், உப்புத்தாள் எடுத்து வையுங்கள். ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டும் வேண்டும். எதற்கென்று சொல்கிறேன்.

இடம் குறிப்பது

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். நான் முழு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். டிக்கியில் மூட்டை இருந்தால் இறக்கிவிடுங்கள், பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அளவு தப்பாகும். தரையிலிருந்து 50 முதல் 65 செ.மீ. உயரத்துக்குள் சென்சார் வர வேண்டும். நான் 55 செ.மீ. எடுத்துக்கொண்டேன். 50-க்குக் கீழே போனால் அப்பாவின் கார் கதைதான். 65-க்கு மேலே போனால் படிக்கல், பூந்தொட்டி, தவழும் குழந்தை எல்லாம் ஒலிக்கு அடியில் போய்விடும்.

பம்பரில் அந்த உயரத்தில் பரப்பு எப்படி இருக்கிறது என்று உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். சென்சார் உட்காரும் இடம் தரைக்குச் செங்குத்தாக, அல்லது ஒரு இம்மி மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். கீழ்நோக்கிச் சரிந்த இடத்தில் வைக்கவே கூடாது. சில செட்டுகளில் சாய்வைச் சரிக்கட்ட ஒரு சாய்வு வளையம் தருவார்கள். உங்கள் பம்பர் எங்கும் கீழே பார்த்தே இருந்தால் அப்படிப்பட்ட செட்டைத் தேடி வாங்குங்கள்.

அடுத்தது இடைவெளி. ஓரத்துச் சென்சார்கள் இரண்டும், பம்பர் பக்கவாட்டில் வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே வரட்டும். அவற்றுக்கு நடுவில் உள்ள தூரத்தை மூன்றாகப் பங்கிட்டால் மற்ற இரண்டின் இடம் கிடைத்துவிடும். என் காரின் அகலம் 1695 மி.மீ. இரு ஓரத்திலும் 25 செ.மீ. விட்டேன். மீதி 119.5 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 40 செ.மீ. இந்த அளவை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளங்கள், ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். வளைவில் டேப் நழுவி ஒரு பக்கம் 1 செ.மீ. கூடிவிடும்.

நம்பர் பிளேட், இழுவைக் கொக்கி, சைலன்சர் வாய் எதுவும் சென்சாரின் எதிரில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பம்பருக்கு வெளியே இரும்புக் கம்பி கார்டு போட்டிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். சென்சார் அந்தக் கம்பியைத்தான் பார்க்கும். அது போக, கார்களில் அப்படிப்பட்ட கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவதற்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி அது தவறு.

இப்போது பொட்டு. குறித்த நான்கு இடங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் தலா ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டு வையுங்கள். பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். ஒன்று அரை செ.மீ. இறங்கியிருந்தாலும் கண்ணில் உறுத்தும். காகிதத்தில் சரியாக வந்த அளவு, பம்பரில் சாய்ந்து தெரிவது உண்டு. பொட்டை நகர்த்தலாம், ஓட்டையை நகர்த்த முடியாது. எனக்கு இடது ஓரத்துப் பொட்டை இரண்டு முறை மாற்றி வைக்க வேண்டியிருந்தது.

பம்பரைக் கழற்றுவது

கழற்றாமலே ஓட்டை போடலாம், கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் டிரில்லை இறக்குவது சரியில்லை. சில கார்களில் பிளாஸ்டிக் பம்பருக்குப் பின்னால் ஒரு இரும்பு பீம் ஓடும். சென்சாரின் உடலும் ஒயரும் சேர்த்து உள்ளே 4 செ.மீ. இடமாவது வேண்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பிறகு டிக்கியைத் திறந்து பம்பரின் மேல் விளிம்பில் உள்ள ஸ்க்ரூக்களைப் பாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் டெயில் லாம்ப்பை எடுத்தால்தான் அவற்றில் சில தெரியும். பின் சக்கரத்தின் வளைவுக்குள், லைனர் (வளைவின் உட்புறத்தை மூடும் உறை) பம்பரைத் தொடும் இடத்தில் இரு பக்கமும் ஒன்றிரண்டு ஸ்க்ரூ இருக்கும். வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் கிளிப்புகள். நடுக்குமிழை முதலில் மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, அப்புறம் முழுக் கிளிப்பையும் எடுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் உடையும். பழைய வண்டியில் என்ன செய்தாலும் இரண்டு உடையத்தான் செய்யும், முன்கூட்டியே அரை டஜன் புதுக் கிளிப் வாங்கி வையுங்கள்.

எல்லா ஸ்க்ரூவும் வந்த பிறகு, சக்கர வளைவின் ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். டப் டப் என்று லாக் விடுபடும் சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்கும்போது உடைந்துவிட்டது போலிருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் அசையாமல் நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மறுபக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் பம்பரோடு சேர்ந்து வரும் வண்டிகளும் உண்டு, கப்ளரைக் கழற்றிய பிறகே முழுதாக எடுங்கள். பம்பரை ஜமுக்காளத்தின் மேல் படுக்க வையுங்கள்.

பீம் இருந்தால் அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, உங்கள் குறியோடு ஒப்பிடுங்கள். நேர் எதிரே வந்தால் நான்கு குறிகளையும் ஒரே அளவுக்கு மேலே நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தாதீர்கள்.

ஓட்டை

குறியின் மையத்தில் 3 மி.மீ. பிட்டால் வெளிப்பக்கத்திலிருந்து சின்ன ஓட்டை போடுங்கள். பின்புறம் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன ஓட்டை வழியாக உட்புறம் பாருங்கள்: பம்பருக்கு உறுதி கொடுக்கும் விலா எலும்பு போன்ற மடிப்பு எதுவும் குறுக்கே வருகிறதா? வந்தால் இப்போதே நகர்த்திக்கொள்ளலாம், 3 மி.மீ. ஓட்டையைப் புதிய ஓட்டை விழுங்கிவிடும் தூரம் வரை.

ஹோல்சா பிட்டை மாட்டி, டிரில்லை ரிவர்ஸில் வைத்து முதல் சில சுற்றுகளைச் சுற்றுங்கள். பல் பெயிண்ட்டைக் கிழிக்காமல் வட்டமாகக் கீறிவிடும். அப்புறம் நேர்த்திசைக்கு மாற்றி, மெதுவான வேகத்தில், டிரில்லின் கனமே போதும் என்கிற அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுங்கள். வேகம் கூடினால் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகும். கருகிய வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள், பிட் ஆறட்டும். டிரில் பம்பரின் பரப்புக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். முதல் ஓட்டைக்கு எனக்குக் கை நடுங்கியது. நான்காவதில் பழகிவிட்டது.

ஓரத்தில் நிற்கும் பிசிறை வட்ட அரத்தால் உட்பக்கமாகத் தேயுங்கள், வெளியே இழுத்தால் பெயிண்ட் உரியும். கடைசியில் 400 எண் உப்புத்தாளால் ஒரு சுற்று.

வெட்டுப்பட்டு விழும் நான்கு வட்டத் துண்டுகளையும் எறியாதீர்கள். உங்கள் காரின் இன்றைய நிறம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. பத்து வருட வெயிலில் வெளுத்த பெயிண்ட், கம்பெனி கோடு நம்பரோடு ஒத்துப்போகாது. சென்சாருக்குப் பெயிண்ட் அடிக்க விரும்பினால் அந்தத் துண்டைப் பெயிண்ட் கடையில் காட்டி நிறம் கலந்து வாங்குங்கள். அடிப்பது மெல்லிய ஒரு பூச்சு, அதிகம் போனால் இரண்டு. தடித்த பெயிண்ட் சென்சாரின் முகத்தை மந்தமாக்கிவிடும். கருப்புச் சென்சாராகவே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

சென்சார், ஒயர்

ஒவ்வொரு சென்சாரின் பின்புறமும் மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி இருக்கும். அதை மேலே வைத்துச் செருகுங்கள். இது அலங்காரக் குறி அல்ல: ஒலி அகலவாக்கில் விரிந்தும் உயரவாக்கில் சுருங்கியும் போகும்படி செய்யப்பட்ட சென்சாரைத் திருப்பி வைத்தால் தரையைக் கேட்கத் தொடங்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி என்ற வரிசையா, வலமிருந்து இடமா என்பதைக் கையேட்டில் பார்த்து, ஒயர் முனையில் எழுதி ஒட்டுங்கள்.

நான்கு ஒயர்களையும் சேர்த்துக் கேபிள் டையால் பம்பரின் உட்புறம் கட்டுங்கள். சைலன்சரிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளிப் போகட்டும். டிக்கிக்குள் ஒயர் நுழைய ஏற்கெனவே ஒரு ரப்பர் குரோமெட் (தகர ஓட்டையை மூடும் ரப்பர் அடைப்பு) இருக்கும், ஸ்டெப்னி குழிக்குப் பக்கத்தில் தேடுங்கள். தகரத்தில் புது ஓட்டை போடாதீர்கள், அங்கிருந்துதான் துரு பிடிக்கும். குரோமெட்டில் சிறு கீறல் போட்டு ஒயரை விடுங்கள். நுழைவதற்கு முன் ஒயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். மழைநீர் ஒயர் வழியே ஓடி வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், டிக்கிக்குள் போகாது.

மின்சாரத்தை ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுக்கிறோம். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். ரிவர்ஸ் பல்பின் ஹோல்டரில் எந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறது என்று டெஸ்ட் லாம்ப்பால் பாருங்கள். கியரை எடுத்தால் அணைய வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், கருப்பு எல்லா வண்டியிலும் எர்த் இல்லை. கண்டுபிடித்த பின் பேட்டரியைத் திரும்பவும் கழற்றிவிட்டு இணைப்பைப் போடுங்கள்.

இணைப்பில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. ஒயரின் தோலைக் கொஞ்சம் சீவி, இன்னொன்றை முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்து, டேப் தானாகவே பிரியும். ஒயரைச் சுற்றி ஈயம் வைத்துச் சால்டர் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். செட்டின் பாசிட்டிவ் ஒயரில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றையும் சேர்த்துவிட்டால், செட்டில் ஏதாவது கோளாறு வந்தாலும் வண்டியின் ரிவர்ஸ் லைட் பாதிக்கப்படாது.

டிஸ்ப்ளே வாங்கியவர்கள் ஒயரைக் கதவோர பிளாஸ்டிக் பட்டையின் அடியில் கொண்டுபோங்கள். பில்லரின் (கூரையைத் தாங்கும் தூணின்) மேல்பக்கமாக இழுக்க வேண்டாம், கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது விரியும் வழி அது.

கன்ட்ரோல் பாக்ஸை டிக்கியின் பக்கவாட்டு டிரிம்முக்குள் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். ஸ்டெப்னி குழிக்குள் வேண்டாம், தண்ணீர் தேங்கும் இடம் அது. பம்பரைத் திரும்ப மாட்டுவதற்கு முன் பேட்டரியை இணைத்து ஒரு முறை ரிவர்ஸ் போட்டு, ஒவ்வொரு சென்சாரின் எதிரிலும் கையைக் காட்டி நான்கும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். மாட்டிய பிறகு தெரிந்தால் அத்தனை கிளிப்பையும் மறுபடி கழற்ற வேண்டும்.

சோதனை

இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. 75 மி.மீ. பிவிசி குழாய் 1 மீட்டர் நீளத்துக்கு வாங்குங்கள், ஒரு சிறு பிள்ளையின் கால் அளவுக்கு ஒப்பான பொருள் அது. வண்டியை நிறுத்திவைத்து, பம்பருக்குப் பின்னால் தரையில் 30, 60, 90, 120, 150 செ.மீ. தூரங்களில் கோலப்பொடியால் கோடு போடுங்கள். குறுக்கே 20 செ.மீ.க்கு ஒரு கோடு. ஒருவர் உள்ளே ரிவர்ஸ் கியரில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து உட்காரட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு கட்டத்திலும் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி நகருங்கள். எங்கே பீப் வருகிறது, எங்கே வரவில்லை என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ.க்குள் பம்பரின் அகலம் முழுவதும் எங்குமே பீப் வராத இடம் இருக்கக் கூடாது. எனக்கு வலப்பக்கம் ஒரு கட்டம் மௌனமாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் டி சென்சாரின் அம்புக்குறி பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

அடுத்து, எதுவுமே இல்லாத வெட்டவெளியில் ரிவர்ஸ் போடுங்கள். ஒரு பீப்கூட வரக் கூடாது. வந்தால் தரையைக் கேட்கிறது, அல்லது சென்சார் இறுகியிருக்கிறது, அல்லது நம்பர் பிளேட் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் உங்கள் காதும் பழகிவிடும்.

நன்றாகப் பொருத்திய சென்சாருக்கும் சில விஷயங்கள் தெரியாது. மெல்லிய கம்பி, கொடிக் கயிறு, தொங்கும் துணி, சென்சாருக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த கல், பள்ளம், பம்பரை ஒட்டிப் படுத்திருக்கும் நாய். அதனால் வண்டியில் ஏறும் முன் பின்பக்கம் ஒரு சுற்று நடந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். சேறு காய்ந்து முகத்தை மூடினாலும் மழைத்துளி அதில் நின்றாலும் தப்பாகக் கத்தும், ஈரத் துணியால் துடைத்தால் போதும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராகச் சென்சாரின் மேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் காரில் 38 செ.மீ. உயரத்தில் இருந்த பழைய ஓட்டைகளுக்கு அதே அளவு ரப்பர் அடைப்பான் வாங்கி மூடினேன். 55 செ.மீ.யில் புதிதாக நான்கு போட்டு, அதே சென்சார்களை ஏற்றினேன். சோதனைக்கு பிவிசி குழாயை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, வாசலில் அன்று பையன் குனிந்திருந்த இடத்தில் வைத்தேன். அப்பாவிடம் எங்கே வைத்தேன் என்று சொல்லவில்லை. வெறும் பாதையில் நாலடி சத்தமில்லாமல் பின்னால் வந்த வண்டி, முதல் பீப்பிலேயே நின்றது.